கிணற்றுக்குள் இறங்கும் பாரம்

ஓகஸ்ட் 8, வெள்ளி. போயா, பௌர்ணமி லீவு

விடியவே கச்சான் காற்று. கொடியில் போட்ட சீலை இரண்டு தரம் வேலிக்குப் பறந்துவிட்டது. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பின்பக்கம் போனால் பற்றரிப் பெட்டி திறந்து கிடக்கிறது. பற்றரி இல்லை. வயரை ஒழுங்காகக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மரியாதையான கள்ளன்.

இது இரண்டாவது பற்றரி. கூரையில் சோலர் தகடு மட்டும் மிச்சம். அதன் ஆணிகளைக் கழற்ற அவனுக்குப் பொறுமை இல்லைப் போல.

அழுகை வரவில்லை. பொழுதுபட்டபின் தைக்க முடியாதே என்பதுதான் முதலில் வந்த நினைவு. வெட்டி வைத்த பள்ளிக்கூடச் சட்டைகள் அப்படியே.

பக்கத்து வளவு பூமணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து: "லைன் வருமட்டும் உதுதான் பிள்ளை கதை. இருட்டுக்கை ஆர் வந்தது, ஆர் போனது எண்டு ஆருக்குத் தெரியும்?"

எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கரண்ட் இல்லை. ஆமி பிடித்து வைத்திருந்த காணிகளை விட்டதும் ஓடி வந்து பற்றை வெட்டி, கல்லறுத்து, ஆளுக்கு இரண்டு அறை கட்டிக்கொண்டோம். கம்பங்கள் கீரிமலை றோட்டோடு நின்றுவிட்டன. இந்தா வருகிறது, அந்தா வருகிறது.

பின்னேரம் சி.க்குக் கோல் எடுத்தேன். (இவருடைய பேரை எழுத இன்னும் கை கூசுகிறது. கல்யாணம் முடித்து இருபது வருஷத்துக்கு மேல்.) கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறை, லிஃப்ட் திருத்துகிற வேலை. லீவு கிடைத்தால் வருவார். சில மாதம் அதுவும் இல்லை.

"பற்றரியை விடும். இன்னொண்டு வாங்கினாலும் கொண்டு போவாங்கள்" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"களவெடுக்கேலாத ஒண்டு யோசிக்கிறன், கலா."

"என்னது?"

"பாரம்."

அதோடு என் போனில் சார்ஜ் போய்விட்டது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். போனைத் தகட்டில் மாட்டி சார்ஜ் ஏற்றினேன். அவரே எடுத்தார். ஞாயிறுகளில் அவர் எடுப்பது குறைவு.

"லிஃப்ட் மேலை போகேக்கை மற்றப் பக்கத்தாலை ஒரு பாரம் கீழை இறங்கும். தெரியுமோ?"

எனக்கெங்கே தெரியும். ஆசுபத்திரியில் அம்மாவோடு ஏறினதுதான். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு.

அவர் சொன்னது, எனக்கு விளங்கின மாதிரி: பகலில் தகட்டிலிருந்து வருகிற கரண்ட் ஒரு மோட்டரைச் சுற்றும். மோட்டர் ஒரு பெரிய பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கும். பொழுதுபட்டதும் பிறேக்கைத் தளர்த்தினால் பாரம் தன்பாட்டில் இறங்கும். இறங்கும்போது அதே மோட்டரை மறுபக்கம் சுற்றும். அப்போது மோட்டரிலிருந்து கரண்ட் வரும். பற்றரி தேவையில்லை.

"எவ்வளவு பாரம்?"

"ஒரு தொன். ஒரு முப்பது அடி இறங்க வேணும்."

"அதுக்கு என்னென்ன எரியும்?"

"ஒரு பல்ப். சின்னது."

"ஒரு தொன்னுக்கு ஒரு பல்போ!"

"கணக்குக்கு அஞ்சு மணித்தியாலம் எரிய வேணும். செயினும் கப்பியும் தங்கடை பங்கைத் தின்னும். அரைவாசி மிஞ்சினால் எங்கடை அதிட்டம்."

"ஃபான் சுத்தாதோ?"

"ஃபானுக்கு யானைக்கூட்டத்தைத்தான் கட்டித் தூக்க வேணும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம். மற்ற நாட்களில் எங்கள் கதை இவ்வளவுதான்: சாப்பிட்டீரோ, ஓம், மழையோ, இல்லை, சரி வைக்கட்டோ.

முப்பது அடிக்கு எங்கே போவது என்று கேட்டேன். "உங்கடை பழைய கிணறு கிடக்குதெல்லே" என்றார்.

போனை வைத்த பிறகும் வாயில் சிரிப்பு நின்றது. அரிசியில் கல் பொறுக்கும்போதும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

தவம் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் கிணறு தோண்டுகிறார்கள். தவம் அண்ணை பூமணி அக்காவின் புருஷன், மேசன். நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கிணற்றுக்குள்ளேயே தள்ளியிருக்கிறார்கள். கல், சீமெந்துத் துண்டு, யன்னல் கம்பி. வாளி வாளியாக வந்துகொண்டே இருக்கிறது.

நீல நிறம் பூசின சுவர்த் துண்டு ஒன்று வந்தது. அம்மாவின் அறை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குவியலில் போட்டேன்.

அம்மாவால்தான் நான் கொழும்புக்குப் போகாமல் இருந்தது. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அம்மாவோடு. முகாம், வாடகை வீடு, திரும்ப முகாம். கொழும்பில் சி.யின் அறையோ நாலு ஆம்பிளைகள் படுக்கிற அறை. "கொஞ்சக் காலம் பாப்பம்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது. பிள்ளையும் இல்லை. அம்மாவும் போனபின், "இனி வாரும்" என்று அவர் சொல்லவில்லை. "வரட்டோ" என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கிழமை காணி விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. நான் இங்கே வந்தேன்.

அவர் சொன்னது: "நீர் போய்த் துடங்கும். லைன் வரட்டும், நான் வந்திடுவன். கரண்ட் இல்லாத இடத்திலை என்ரை தொழிலுக்கு என்ன கிடக்கு?"

நியாயம்தான். அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

பின்னேரம் தவம் அண்ணை மேலே ஏறி வந்து கையைத் துடைத்தார். "அடி வரைக்கும் வந்திட்டம் தங்கச்சி. சொட்டுத் தண்ணியும் இல்லை. ஊத்துக்கண் செத்துப்போச்சு. இனி உதிலை தண்ணி வராது."

"எங்கடை அலுவலுக்குத் தண்ணி வேண்டாம் அண்ணை."

"கிணத்திலை தண்ணி வேண்டாம் எண்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

ஓகஸ்ட் 30, சனி

லொறி வந்தது. கொழும்பில் ஏதோ பழைய கட்டடத்தில் லிஃப்ட் மாற்றினார்களாம். கழித்த சாமானைச் சி. கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார். கம்பிக்கயிறு, கப்பி, ஒரு சின்ன மோட்டர், நீட்டு இரும்புச் சட்டங்கள். பாரத்துக்கு கொங்கிறீற் கட்டிகள், அடுக்கடுக்காக. ஒன்றைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

இரும்புக் கட்டி இல்லையா என்று அவரிடம் போனில் கேட்டேன். "இரும்பெண்டால் பழைய இரும்புக்காரனுக்கு வித்துப்போடுவாங்கள். கொங்கிறீற்றை ஆர் களவெடுப்பான்?"

லொறிக்காரத் தம்பி ஒழுங்கையில் இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அக்கா, கோயில் ஏதும் கட்டுறியளோ?"

"இல்லைத் தம்பி. ஒரு லைற் போட."

அவன் கட்டிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், லொறியில் ஏறிப் போய்விட்டான்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

சி. வந்தார். போயாவோடு சேர்த்து லீவு. காலை ரெயில். தெல்லிப்பழையில் இறங்கி ஓட்டோவில்.

மெலிவு. காதடியில் நரை கூடியிருக்கிறது. கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு, "குளிக்கலாமோ?" என்று கேட்டார். தன் வீட்டில்! "பைப்படியிலை வாளி கிடக்கு" என்றேன். வேறென்ன சொல்ல.

சாப்பாடு: சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல். "நல்லாக் கிடக்கு" என்றார். ஒவ்வொரு முறையும் சொல்கிற அதே குரல்.

செப்ரெம்பர் 6, சனி

இன்றைக்கு எழுதவே நேரமில்லை, ஆனால் எழுதாமல் படுக்க மனமில்லை.

வேலை தொடங்கினதும் இவர் வேறு ஆள். சறத்தை மடித்துக் கட்டி, கிணற்றுக்கட்டில் ஏறி நின்று சத்தம் போடுகிறார். "பிடியும் கலா! விடாதையும்! அந்த நுனியை இறுக்கும்!" நான் பிடித்தேன், இறுக்கினேன். என்னைப் பார்த்து இப்படி உரிமையாகச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆசையாக இருந்தது. திட்டு வாங்க ஆசைப்படுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

கிணற்றுக்கு மேலே இரும்புச் சட்டத்தால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சாரம். அதில் கப்பி, பிறேக், மோட்டர். மோட்டருக்கும் கயிற்றுக்கும் நடுவில் சைக்கிள் செயினும் பல்லுச்சில்லுகளும், பெரிதும் சிறிதுமாக. "பாரம் மணிக்கூட்டு முள்ளு மாதிரி இறங்க வேணும், மோட்டர் கெதியாச் சுத்த வேணும், அதுக்குத்தான் இவ்வளவும்" என்று சொல்லித் தந்தார்.

மத்தியானம் சாப்பாட்டைக் கிணற்றடிக்கே கொண்டுபோனேன். அவருடைய இரண்டு கையும் கிறீஸ், மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. நான் குழைத்து ஒரு வாய் கொடுத்தேன். வாங்கினார். இன்னொரு வாய். தவம் அண்ணை எழும்பிப் போய்ப் பனையில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை என்று ஒன்று இல்லை. இன்றுதான்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு. போயா

விடிய வெயில் ஏற, மோட்டர் முனகத் தொடங்கியது. பாரம் அசைகிறதா என்றே தெரியவில்லை. கயிற்றில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடு ஒரு சாண் மேலே. மத்தியானம் கடந்தபின் கொங்கிறீற் முழுதும் கிணற்றுக்கு வெளியே தலை காட்டிக்கொண்டு தொங்கியது.

பொழுது பட்டது. நான், சி., தவம் அண்ணை, பூமணி அக்கா. சி. என்னைக் கூப்பிட்டு, "நீர் பிறேக்கைத் தளர்த்தும்" என்றார். தளர்த்தினேன். டிக், டிக், டிக் என்று சில்லு நடந்தது. அறைக்குள் பல்ப் முதலில் சிவந்தது. பிறகு வெள்ளை.

பூமணி அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தா. "இவ்வளவு கல்லும் உந்தத் துண்டு வெளிச்சத்துக்கோ?"

"ஓமக்கா. துண்டுதான்" என்றார் சி. சந்தோஷமாக.

அவர்கள் போனபின் நாங்கள் இருவரும் அறைக்குள். நான் ஒரு கை மடிப்புத் தைத்தேன், வெளிச்சம் போதும் என்று காட்ட. அவர் சில்லுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சாப்பிட்டு, கோப்பை கழுவி, பாய் விரித்தபிறகும் கொஞ்ச நேரம் எரிந்தது.

செப்ரெம்பர் 8, திங்கள்

போய்விட்டார்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

வெக்கை. காற்று விழுந்துவிட்டது. வெங்காய நடுகைக்குத் தவம் அண்ணை பாத்தி கட்டுகிறார்.

இப்போது என் நாள் இப்படி: விடிய எழும்பி மோட்டர் வயரைத் தகட்டில் மாட்டு. பகலெல்லாம் பாரம் ஏறும். நான் தைப்பேன், சமைப்பேன். பொழுதுபடப் பிறேக்கைத் தளர்த்து. விளக்கு. தையல். பாரம் அடியில் போய் மெத்தென்று நிற்கும். இருட்டு. படுக்கை.

ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். கீரிமலைக்கு வந்த ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டு போனது. "உங்கடை அவரின்ரை மூளையோ?" என்று அந்த அம்மா கேட்டா. "ஓம், அவர்தான்" என்று சொன்னபோது வாய் தித்தித்தது.

அவரோடு இப்போது ஒவ்வொரு நாளும் கதை. எப்பிடி ஏறுது, செயின் தளர்ந்ததோ, கயிறு ஒரு பக்கம் தேயுதோ. எல்லாம் மெசினைப் பற்றி. நான் சொல்லுவேன். சொல்லி முடிந்ததும், சரி வைக்கட்டோ.

ஒரு பழுதும் வருகிறதில்லை. நன்றாகக் கட்டிவிட்டார்.

செப்ரெம்பர் 29, திங்கள்

இன்றைக்கு போனில், யோசிக்காமலே, "ஒரு சத்தம் கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன சத்தம்?"

"கிறீச் எண்டு."

"எங்கை?"

"மேலை. சில்லுப் பக்கம்."

"கப்பிக்கை கிடக்கிற பெயறிங் தேஞ்சிருக்கும். விட்டால் கயிறு பாயும். ஒருதரும் கிட்டப் போகாதையுங்கோ. போயாவுக்கு நான் வாறன்."

போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். டிக், டிக். ஒரு கிறீச்சும் இல்லை.

என்ன காரியம் செய்தேன். ஆனால் போயாவுக்கு வருகிறார்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

வந்தார். பையை வைத்துவிட்டு நேரே கிணற்றடி. சாரத்தில் ஏறி, இரும்பில் காதை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் இறக்கும்" என்றார். இறக்கினேன். ஏற்றினேன். திரும்ப இறக்கினேன்.

"ஒண்டும் கேக்கேல்லையே."

"முந்தநாளும் கேட்டது."

"எப்பிடி?"

வாயால் செய்து காட்டினேன். "கிறீச்."

மேலிருந்து என்னைப் பார்த்தார். நிறைய நேரம். பிறகு கிறீஸ் டப்பாவை எடுத்து, கப்பி, சில்லு, செயின், எல்லாவற்றுக்கும் ஒன்றுவிடாமல் பூசினார்.

பொழுதுபட்டு விளக்குப் போட்டபின் நானே சொன்னேன். "சத்தம் இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சோ கிறீஸ் பூசினியள்?"

"வந்தனான். சும்மா இருக்கேலாதுதானே."

"என்னோடை சும்மா இருக்கேலாதோ?"

நான் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நூல் போகவில்லை. வெளியே டிக், டிக்.

பிறகு மெல்லச் சொன்னார். "பழகேல்லை, கலா. அறையிலை இருந்த மற்றவங்கள் எல்லாம் வெளிநாடு போயிட்டாங்கள். கனகாலம் நான் தனியத்தான். சமைப்பன், சாப்பிடுவன், படுப்பன். இஞ்சை வந்தால் முதல் நாள் பறவாயில்லை. ரெண்டாம் நாள் என்ன கதைக்கிறது, எங்கை இருக்கிறது எண்டு தெரியேல்லை. நீர் அங்காலையும் இஞ்சாலையும் நடக்கிறீர். நான் வழியிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"லைன் வரட்டும், வந்திடுவன் எண்டு சொன்னியள்."

"ஓம்."

"பொய்யோ?"

"பொய் சொல்லேல்லை. லைன் கெதியிலை வராது எண்டு நினைச்சன்."

இதைச் சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு காலமும் அந்த ஒழுங்கை முகப்பில் கம்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த என்னை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. பூமணி அக்கா கேட்கும்போதெல்லாம் "லைன் வந்தால் வந்திடுவார்" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

சொன்னேன்: "இனி லைனைச் சொல்லாதையுங்கோ. வர மனமில்லையெண்டால் அதைச் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொள்ளுவன். நானும் இனிச் சத்தம் கேக்குது எண்டு சொல்ல மாட்டன்."

பாரம் அடியில் நின்றது. விளக்கு அணைந்தது.

ஒக்ரோபர் 6, திங்கள். போயா

பின்னேர ரெயில். ஓட்டோ வந்து நிற்க, பையைத் தூக்கிக்கொண்டு படலை வரை போய்த் திரும்பி வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கதவு மூலையில் விட்ட குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒக்ரோபர் 13, திங்கள்

கோல் குறைவு. வந்தாலும் சுருக்கம். "எல்லாம் ஓடுதோ?" "ஓடுது."

தைத்துக் கொடுத்தது: வெள்ளைச் சட்டை எல்லாம் முடிந்தது. பூமணி அக்காவின் சட்டைக்குக் கை வைக்க வேண்டும். நூல் வாங்க வேண்டும், கறுப்பும் வெள்ளையும்.

பகலில் சரி. பொழுதுபட்டால்தான் கஷ்டம். அவர் இருந்த கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டேன். பிறகு பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டேன்.

ஒக்ரோபர் 20, திங்கள். தீபாவளி

மழை பிடித்துவிட்டது. விடியவிலிருந்து விடவில்லை. பூமணி அக்கா வடையும் மோதகமும் கொண்டுவந்து தந்தா. "அவர் வரேல்லையோ?"

"இல்லையக்கா."

"லீவு இல்லையாக்கும்."

"தெரியேல்லை அக்கா. கேக்கேல்லை."

அக்கா கொஞ்சம் நின்றா. பிறகு என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

வெயில் இல்லாததால் பாரம் பாதிக் கிணறு வரைதான் ஏறியது. கொஞ்ச நேர விளக்கு.

ஒக்ரோபர் 28, செவ்வாய்

இரண்டு நாள் வெயில் வந்து பாரம் முழுக்க ஏறியும் விளக்கு நேரத்தோடு மங்கிவிட்டது. சில்லு நின்று நின்று நடக்கிறது. செயின் தளர்வோ என்று பார்த்தேன், இல்லை. ரோர்ச் அடித்துக் கிணற்றுக்குள் பார்த்தால் அடியில் ஏதோ மினுங்குகிறது.

தண்ணீர்.

தவம் அண்ணை ஓடி வந்தார். எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார். "ஊத்து உயிரோடை கிடந்திருக்குப் பிள்ளை! நாங்கள் கல்லை எடுத்துவிட்டதுதான்!" கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சாரத்தைப் பார்த்துவிட்டு முகம் வாடினார். "உங்கடை மெசின் இனி என்னெண்டு ஓடும்?"

வாளி தண்ணீருக்குள் நிற்கும்வரை பாரம் தெரிகிறதில்லையே. கொங்கிறீற்றும் அப்படித்தான். தண்ணீருக்குள் போனதும் அதன் பாரத்தில் அரைவாசிக்குக் கிட்டப் போய்விடுகிறது, சில்லைச் சுற்றப் பலம் போதாது.

"அவருக்குச் சொல்லும். வந்து ஏதும் வழி பாப்பார்."

"சொல்லவேண்டாம் அண்ணை. நீங்களும் சொல்லாதையுங்கோ."

நவம்பர் 4, செவ்வாய்

மழை. தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. இன்றைக்கு விளக்கு எரிந்த நேரம் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். பிறகு குப்பி விளக்கு. மண்ணெண்ணெய் மணத்துக்குத் தலையிடிக்கிறது.

கோல் வந்தது. "எல்லாம் ஓடுதோ?"

"ஓம்."

"மழையோ?"

"ஓம்."

"கலா, நான்..." என்று தொடங்கினார். பிறகு, "ஒண்டுமில்லை. குடையில்லாமல் திரியாதையும்."

தண்ணீர் வந்ததைச் சொன்னால் அடுத்த ரெயிலிலேயே வருவார். தெரியும். பம்ப், கயிறு, கிறீஸ் எல்லாம் கொண்டு வருவார். சாரத்தை உயர்த்துவார், சத்தம் போடுவார், "பிடியும் கலா" என்பார். நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். பாரத்தைப் பார்க்க வருகிற ஆள் எனக்கு வேண்டாம்.

வேண்டும்தான். ஆனாலும் வேண்டாம்.

நவம்பர் 8, சனி

சாரத்தில் இனிப் பயனில்லை. பாரம் முழுதும் தண்ணீருக்குள். வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தேன்.

தைக்க உட்கார்ந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

மத்தியானம். தூறல். யன்னலடியில் தையல் மெசினில் இருந்தேன். படலை திறந்த சத்தம். பூமணி அக்கா என்று நினைத்து நிமிரவில்லை.

"கலா."

நனைந்துபோய் நிற்கிறார். இரண்டு பெரிய பை, ஒரு சுருட்டின பாய், ஒரு கேத்தில். கோல் இல்லை, ஒன்றும் இல்லை. தவம் அண்ணை வாயை விட்டுவிட்டார், இவர் கிணற்று மெசினைத் திருத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மனம் சுருங்கிப்போயிற்று. துவாய் எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துடைத்தபடியே பின்பக்கம் போனார். நானும் பின்னால்.

கிணற்றடியில் திகைத்து நின்றுவிட்டார். தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில், மழைத்துளி விழுந்து விழுந்து வட்டமிடுகிறது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எப்ப துடக்கம்?"

"தீவாளி கழிச்சு."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் திருத்த வருவியள்."

குனிந்து தண்ணீரில் கையை விட்டார். "விளக்கு?"

"குப்பி விளக்கு."

"உதுக்கை போட்ட பாரத்தை எடுக்கிறது லேசில்லை" என்றார். பிறகு, "கிடக்கட்டும்" என்றார்.

நான் கேட்டேன், எப்போதும் கேட்கிற கேள்வி. "எத்தினை நாள் லீவு?"

"லீவு எடுக்கேல்லை."

"எடுக்காமலோ வந்தனீங்கள்?"

"வேலையாலை நிண்டிட்டன். அறையையும் திருப்பிக் குடுத்திட்டன்." துவாயைக் கையில் சுருட்டிக்கொண்டார். "என்ன கதைக்கிறதெண்டு எனக்கு இப்பவும் தெரியாது, கலா. சத்தம் கேக்குது எண்டு நீர் சொல்லாமல் விட்ட நாளிலை இருந்து அந்த அறையிலை இருக்கேலாமல் போச்சு. அதுதான்."

"மழைக்கை நிக்காதையுங்கோ" என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. வெளிச்சமான நாள். தவம் அண்ணை கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, குடிக்கலாம், ஆனால் கொதிக்க வைக்கச் சொன்னார்.

அவர் காலையில் முற்றத்தில் கொஞ்சம் நின்றார். கதிரையில் கொஞ்சம் இருந்தார். திரும்ப எழும்பினார். நான் பூமணி அக்காவின் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடப்போகிறாராம், எனக்கும் சேர்த்து. அடுப்பு மூட்டிய சத்தம். பிறகு ஒரு டின் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். இன்னொன்று.

"கலா, சீனி எங்கை?"

"மேல் தட்டிலை."

திரும்பவும் டின் சத்தம். அது உப்பு. மற்றது மிளகாய்த்தூளாக இருக்க வேண்டும், தும்முகிறார். நான் எழும்பவில்லை. தேடட்டும்.